சாம்பிள் போடாத சாயம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது திருப்பூரில் நொய்யல் கரையோரம் இருந்த ஒரு சாயப்பட்டறையில் நான் டையிங் மாஸ்டர். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. தலைக்கனமும் அதே அளவுக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு துணித்துண்டு வரும், இதே கலர் வேண்டும் என்பார்கள். வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பேன். என்னென்ன சாயம், எத்தனை சதவீதம் என்று அங்கேயே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டிருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் கோ-கோ விளையாடி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே வீங்கிக்கொண்டது. விழுந்த வீக்கம்தானே என்று எண்ணெய் போட்டு நீவினோம். அவிநாசிபாளையம் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடும் ஒருவரிடம் கூட்டிப்போய்க் கட்டும் போட்டோம். மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் மனைவி சொன்னபோதெல்லாம் அவளை அதட்டி அடக்கியது நான்தான். கடைசியில் கோவையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். படம் எடுத்து, சதை எடுத்துச் சோதித்து, எலும்புப் புற்றுநோய் என்றார்கள். வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அவளுக்குத் தலைமுடி ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்தப் பிள்ளையின் மன உறுதியை நான் சொல்லியாக வேண்டும். செயற்கைக் கால் மாட்டி முதல்நாள் எங்கள் சந்தில் நடந்தபோது நான்குமுறை விழுந்தாள். ஒவ்வொரு முறையும் நான் ஓடுவேன். "நீங்க அங்கயே நில்லுங்கப்பா, நானே எந்திரிச்சுக்கறேன்" என்பாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தலையில் துணி கட்டிக்கொண்டு போய் எழுதினாள். நல்ல மதிப்பெண். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தாள். கண்டம் தாண்டிவிட்டோம் என்று நாங்கள் மூச்சு விட்ட சமயத்தில்தான், வழக்கமாகப் பார்க்கும் நெஞ்சுப் படத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. இடதுபக்கம் இரண்டு, வலதுபக்கம் ஒன்று. எலும்பில் வரும் இந்த நோய் ரத்தத்தில் ஏறி நுரையீரலில் போய் உட்காருமாம்.

கோவை டாக்டர் பொறுமையானவர். சென்னையில் நெஞ்சைத் திறந்து அந்தப் புள்ளிகளை எடுத்துவிடுவார்கள், முதலில் ஒரு பக்கம், சில வாரம் கழித்து மறுபக்கம், அதற்கப்புறம் மறுபடி மருந்து என்று விளக்கினார். எடுத்தால் பிழைக்க வழி இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். காலை வெட்டக் கையெழுத்துப் போட்டதே நான்தான். இப்போது நெஞ்சையும் அறுக்கக் கையெழுத்துப் போடு என்றால் எந்தக் கையால் போடுவது?

"கத்தி வெக்காம வேற வழியே இல்லீங்களா சார்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது ஐந்தாறு தடவை இருக்கும். என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, அவர் ஆறுதலுக்காக ஒன்று சொன்னார். "நீங்க சாயத் தொழில்ல இருக்கறதால சொல்றேன். வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சி நடக்குது. சில சாயங்களை ஊசியில ஏத்துனா அது புற்றுநோய் செல்லுல போய்த் தங்குது. அப்புறம் அது மேல வெளிச்சத்தைப் பாய்ச்சுனா, சாயம் விழிச்சுக்கிட்டு அந்த செல்லையே கொன்னுடுது" என்றார். அப்படிப் பரிசோதனையில் இருக்கும் சாயம் ஒன்றின் பெயரையும் சொன்னார். கண் டாக்டர்கள்கூட அதைச் சொட்டுவிட்டுப் பார்ப்பது உண்டு என்றார். இதெல்லாம் இன்னும் கண்ணாடித் தட்டிலும் எலிகளிடமும்தான் நடக்கிறது, நமக்கு இன்று ஆகாது, சென்னைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றும் தெளிவாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது சாயம், வெளிச்சம் என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான்.

திருப்பூர் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கினாள். எனக்கு மண்டைக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன அந்தச் சாயம் எங்கள் பட்டறை ஸ்டோர் ரூமிலேயே ஒரு டப்பா கிடந்தது! பம்பாய்க் கம்பெனி ஏஜென்ட் ஒருவர் எப்போதோ சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போனது. அருமையான ரோஸ் நிறம். ஆனால் துணியை அரைநாள் வெயிலில் காயப்போட்டால் வெளிறிப்போகும். வெயில் தாங்காத சாயம் எங்களுக்கு எதற்கு என்று மூலையில் தூக்கிப் போட்டிருந்தேன். வெளிச்சம் பட்டால் தாங்காது என்று நான் கழித்துக்கட்டியது, வெளிச்சத்தோடு சேர்ந்து என் மகளைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். கடவுளே என் கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது. திருப்பூர் வெயிலுக்கா பஞ்சம்? சாயத்தைக் கரைத்துக் குடிக்கவைத்து, உச்சி வெயிலில் உட்காரவைத்தால் முடிந்தது. இதற்கு எதற்குக் கத்தி?

சாயத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. என்னைப் போல யாராவது டப்பாவைத் தேடிக் கிளம்பிவிடக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. மகளை மொபெட்டில் உட்காரவைத்து அங்கே அழைத்துப்போனேன். துணி ரோல்களை எடை போடும் பெரிய தராசு ஒன்று தரையோடு இருக்கும். "ஏறி உக்காரு கண்ணு, டாக்டர் உன்ற எடையைக் கேட்டாரு" என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "இந்தக் காலைக் கழட்டிர்றனுங்கப்பா. இது என்ற எடையில்ல" என்று சொல்லி, வாரை அவிழ்த்துச் செயற்கைக் காலைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுத் தராசில் ஏறி உட்கார்ந்தாள். முப்பத்து நான்கு கிலோ. செய்கிற காரியத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஏன் எடை போட்டேன் என்றால், எங்கள் தொழிலில் எல்லாமே எடைக் கணக்கு. நூறு கிலோ துணிக்கு ஒரு சதவீத ஷேடு என்றால் ஒரு கிலோ சாயம். கை தானாகவே சீட்டை எடுத்தது. பட்டறையில் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் மெஷினில் இறக்கும் துணிக்கு, நாங்கள் எழுதும் அச்சடித்த சீட்டு அது. துணி கொடுத்தவர் பெயருக்கான பார்ட்டி என்ற இடத்தில் மகள் பெயரை எழுதினேன். துணி எடை என்ற இடத்தில் முப்பத்து நான்கு. ஷேடு சதவீதத்தை ரொம்பவும் குறைத்துப் போட்டு, எத்தனை கிராம் சாயம் என்று கணக்குப் பார்த்து எழுதி, கீழே வழக்கம்போல் கையெழுத்தும் போட்டேன். பெற்ற பிள்ளையைத் துணி லாட்டாக எழுதுகிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. இருபது வருடப் பழக்கம் அப்படி.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்தவன் மறந்துவிட்டேன். மறுநாள் துவைக்கச் சட்டையை எடுத்த என் மனைவி, ஏதோ கம்பெனிச் சீட்டு என்று மேசைமேல் வைத்திருக்கிறாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், மகள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த சீட்டு. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"என்னையும் ஒரு லாட்டுன்னு எழுதிட்டீங்களாப்பா?" என்றாள்.

மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் ஏறியது. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டாள். கத்தி வேண்டாம் என்றதும் அவளும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மகள் மட்டும் அசையவில்லை. எலிகளிடம்தான் செய்து பார்க்கிறார்கள் என்றுதானே டாக்டர் சொன்னார் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாயத்தைப் பற்றி டாக்டரைவிட எனக்குத் தெரியும், அப்பன் உனக்குக் கெடுதல் செய்வேனா என்று கத்தினேன்.

"கெடுதல் செய்வீங்கன்னு நான் சொல்லலீங்களே. சாம்பிள் பார்த்துட்டீங்களான்னுதான் கேக்கறேன். பட்டறையில சாம்பிள் போடாம பல்க் போடுவீங்களாப்பா?"

பல்க் என்று முழு லாட்டையும் மெஷினில் இறக்குவதற்கு முன்னால் ஒரு துண்டுத் துணியில் சாயம் போட்டுப் பார்த்தாக வேண்டும். அதைச் செய்யாததற்காக எத்தனையோ பேரை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். துணிக்குப் பார்த்ததை மகளுக்குப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பட்டறையிலிருந்து அந்தச் சாய டப்பாவை எடுத்துவந்து கொடுத்தேன். சாம்பிளை அவளே போட்டாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தொட்டியில் கொசுப்புழுவுக்குக் குறைவே இல்லை. ஊறுகாய்ப் பாட்டில்களைக் கழுவி எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் எண்ணிப் பத்துப் பத்துப் புழு. இரண்டு பாட்டிலில் வெறும் தண்ணீர், இரண்டு பாட்டிலில் சாயத் தண்ணீர். தண்ணீரில் ஒன்றும் சாயத்தில் ஒன்றும் வெயிலில் வைத்தாள். மற்ற இரண்டையும் அவளுடைய எக்ஸ்ரே படத்தோடு வந்த கறுப்புத் தாளைச் சுற்றி நிழலில் வைத்தாள். இன்னும் ஏதேதோ பாட்டில்களோடு கொல்லைப்பக்கம் போய்வந்துகொண்டிருந்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால், தண்ணீரில் இருந்த புழுக்கள் வெயிலிலும் நிழலிலும் சுகமாக நெளிந்தன. கறுப்புத் தாளுக்குள் சாயத்தில் இருந்தவையும் நெளிந்தன. சாயத்தில் வெயிலில் இருந்தவை மட்டும் பத்தும் செத்துக் கிடந்தன! நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னது என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. சாயம் மட்டும் கொல்லவில்லை, வெளிச்சம் மட்டும் கொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தால் கொல்கிறது. மகளைத் தூக்கிச் சுற்றாத குறை. நாளைக்கு வெயில் ஏறியதும் குடிக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அவள் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கணக்குப்படி சாயத்தை நிறுத்து ஒரு டம்ளரில் கரைத்து எடுத்துவந்தேன். ரோஜாப்பூ சர்பத் மாதிரி இருந்தது. "குடி சாமி" என்று நீட்டினேன். அவள் டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் இரண்டு பொருட்களைக் கொண்டுவந்தாள். ஒன்று, சாயத் தண்ணீர் இருந்த ஒரு பாட்டில். மற்றது ஒரு பெரிய பப்பாளிப் பழம்.

பாட்டிலில் ஒரு சின்ன மீன் செத்து மிதந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வாங்கிவந்து அவள் நேற்று வெயிலில் வைத்த மீன். "புழுவை மட்டும் தேடிப் புடிச்சுக் கொல்லலீங்கப்பா. மீனையும் சேத்துத்தான் கொன்னுருக்குது. இதுக்கு நல்லது கெட்டது தெரியலீங்க" என்றாள்.

பிறகு பப்பாளியைக் கையில் எடுத்தாள். அதை நேற்றே இரண்டாக வெட்டி, நடுவைக் குடைந்து, புழுவும் சாயமும் இருந்த ஒரு சின்ன மருந்து பாட்டிலை உள்ளே வைத்து, பழத்தை மறுபடி சேர்த்துக் கட்டி, நாள் முழுக்க வெயிலில் போட்டிருந்தாள். என் முன்னால் கட்டை அவிழ்த்துத் திறந்தாள். பாட்டிலுக்குள் பத்துப் புழுவும் நெளிந்துகொண்டிருந்தன.

"என்ற நெஞ்சுக்குள்ளயும் இப்புடித்தானுங்கப்பா இருட்டா இருக்கும். மேல தோல், சதை, எலும்பு எல்லாம் இருக்குதே. வெளிச்சம் போகாத எடத்துக்குச் சாயம் மட்டும் போயி என்ன செய்யும்?"

இருபது வருடம் சாயத்தோடு வாழ்ந்தவனுக்குத் தோன்றாத கேள்வி. தோன்றாமல் இல்லை, தோன்றுவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டிய பாட்டிலை மட்டும் நான் பார்த்தேன். உயிர் அவளுடையது. ஆசை என்னைவிட அவளுக்குத்தானே அதிகம் இருக்க வேண்டும்? நெஞ்சைப் பிளக்க வேண்டாம், ஒரு டம்ளர் குடித்தால் போதும் என்று அப்பனே சொல்லும்போது, பதினாறு வயதுப் பிள்ளை அதை நம்பத்தான் நினைக்கும். அவள் நம்பவில்லை. சோதித்துப் பார்த்தாள். தனக்குப் பாதகமான பதில் வந்தபோதும் அதை மறைக்காமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்குப் பயமாத்தான் இருக்குதுங்கப்பா" என்று அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஆனா அங்க கத்தி டாக்டர் கையிலயாச்சும் இருக்கும். என்னைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க."

என் மனைவி அந்த டம்ளரை எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் கொட்டினாள். சந்து முனைவரைக்கும் ரோஸ் நிறத்தில் ஓடியது. நான் உட்கார்ந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன். என் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி நான் அழுது பார்த்தது அன்றுதான்.

சென்னை மருத்துவமனைக்குக் கடிதம் வாங்க மறுபடி கோவைக்குப் போனோம். டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. மகளின் நோட்டை மட்டும் நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். எந்தப் பாட்டிலில் என்ன, எங்கே வைத்தது, எத்தனை மணிக்கு எத்தனை புழு உயிரோடு இருந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். தண்ணீர்ப் பாட்டில்களை எதற்கு வைத்தாய் என்று கேட்டார். "வெயில்ல தானாச் செத்துதா, சாயத்துல செத்துதான்னு தெரியோணுமில்லீங்க?" என்றாள். டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் படித்தவர்களே சில சமயம் இதை மறந்துவிடுவார்கள், உனக்கு இப்படிச் செய்ய யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

மகள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எங்கப்பாதானுங்க. சாம்பிள் பார்க்காம அவரு பல்க் போடமாட்டாருங்க" என்றாள்.

டாக்டர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். எனக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வெளியே வந்தபின், ஏன் கண்ணு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பொய்யா சொன்னேன்? பட்டறையில நீங்க அப்புடித்தானுங்களே?" என்று சொல்லிவிட்டு விந்தி விந்தி முன்னால் நடந்தாள். ஆனாலும் எனக்கு மனது கேட்கவில்லை. சென்னைக்குப் புறப்படும் முன் தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். துணிக்குப் போடும் சாயத்தில் என்னென்ன உப்பு, என்னென்ன கலப்படம் இருக்கும் தெரியுமா, உள்ளே போயிருந்தால் அறுவை செய்யும் நிலையிலேயே அவள் இருந்திருக்க மாட்டாள் என்றார். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன்.

சென்னையில் இடதுபக்கம் ஒருமுறை, ஆறு வாரம் கழித்து வலதுபக்கம் ஒருமுறை நெஞ்சைத் திறந்தார்கள். இரண்டு தடவையும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். பயம் போய்விடவில்லை. ஆனால் எதற்காகப் போடுகிறேன் என்று தெரிந்து போட்டேன். அதன் பிறகு மருந்து, மறுபடி முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் எங்கள் உயிர் எங்களிடம் இருக்காது. படத்தில் புள்ளி எதுவும் திரும்பி வரவில்லை. அவளைப் போல் படுத்திருந்த பிள்ளைகளில் சிலர் வீடு திரும்பவில்லை. அதனால் இதை என் சாமர்த்தியம் என்றோ, எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும் என்றோ சொல்ல எனக்கு வாய் வராது.

மகள் இன்று கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துகிறாள். வெளிச்சத்தில் விழித்துக்கொள்ளும் சாயங்களை வைத்து ஆராய்ச்சி இன்னும் நடக்கிறதாம். மெல்லிய குழாய் வழியாக உடம்புக்குள்ளேயே வெளிச்சத்தைக் கொண்டுபோகிறார்களாம். இதைப் பற்றி எங்கேயாவது படித்தால் எனக்குப் போன் செய்து சொல்வாள். "நீங்க நெனச்சது முழுசாத் தப்பில்லீங்கப்பா, அவசரம்தான் தப்பு" என்று கிண்டலும் செய்வாள்.

சொன்ன பேச்சைப் பிள்ளைகள் கேட்பதில்லை என்று என் வயதுக்காரர்கள் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். என் மகளும் கேட்கவில்லை. அன்று ஒரு காலை வேளையில் அப்பன் நீட்டிய டம்ளரை அவள் வாங்கிக் கீழே வைத்தாள். அதனால்தான் இன்றைக்கும் என்னை அப்பா என்று கூப்பிட ஒருத்தி இருக்கிறாள் என்பதை இந்த எழுபது வயதிலும் யாராவது கேட்டால் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன்.